ஏணியைத் தூக்குவதற்கு முன்

வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நான் கொஞ்சம் நிறுத்துகிறேனே, அதைப் பற்றித்தான் உங்களில் பெரும்பாலோர் கேட்கிறீர்கள். எங்கே கற்றீர்கள், அது எந்த முறை, மனத்துக்குள் எதுவரை எண்ண வேண்டும் என்றெல்லாம். தொடர்களில் டாக்டராகவும் நீதிபதியாகவும் வருகிற பிள்ளைகள் சிலர் இப்போது அதை அப்படியே செய்வதையும் பார்க்கிறேன். "எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம்" என்று சொல்லி, தலையைத் திருப்பி, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்து, பிறகு "மன்னிக்கவும்" என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் அவர்கள் எதையும் தேடுவதில்லை. அதனால் பார்ப்பவர்களுக்கும் அங்கே எதுவும் தெரிவதில்லை.

நான் கற்ற இடம் எந்த ஸ்டூடியோவும் இல்லை. போர்ட் பிளேர் துறைமுகத்தில், சாத்தம் ஜெட்டி என்ற கப்பல்துறை மேடையில், ஒரு கப்பல் ஏணிக்குப் பக்கத்தில் கற்றேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் அரசு ஊழியன், ஆகவே எதையும் முறைப்படி தொடங்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சினிமாவிலும் பிறகு தொலைக்காட்சியிலும் நான் கலெக்டராக, ஸ்டேஷன் மாஸ்டராக, பெண்ணின் பெரியப்பாவாக, தீர்ப்பு சொல்கிறவராக, கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறவராக வந்து போயிருக்கிறேன். தெருவில் பார்த்தவர்கள் யாரும் என் பெயரைச் சொன்னதில்லை. "அந்தக் கோட்டு போட்டவர்தானே நீங்க?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். நம் வேலையில் பாதி அதுதான்.

அதற்கு முன் நான் துறைமுக அலுவலகத்தில், பயண அனுமதிப் பிரிவில் குமாஸ்தா. பி.ஏ. படித்துவிட்டு ஊரில் வேலை கிடைக்காமல், அந்தமானில் யாரும் போக விரும்பாத இடங்கள் காலியாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டு மனுப் போட்டவன். மரைன் ஹில்லில் கலியாணமாகாத குமாஸ்தாக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். மெயின்லேண்டில் இருந்து கப்பல் வருவதை, எனக்குக் கீழே இருந்த அலுவலகம் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிடுவேன்.

கப்பல் நாள் என்றால் என்ன என்று விமானத்தில் போய் வருகிற உங்களுக்குச் சொன்னால் புரியாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று வரும். சில மாதம் அதுவும் வராது. வந்தால் உருளைக்கிழங்கும் வெற்றிலையும் பழைய செய்தித்தாளும் கடிதங்களும் வரும். புறப்படும் நாளில் ஊரே ஜெட்டியில் நிற்கும். வழியனுப்ப ஆள் இருப்பவர்கள் நிற்பது இயல்பு. யாருமே போகாதவர்களும் வந்து நிற்பார்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும், கப்பல் முனை திரும்பி மறையும்வரை அங்கேயே. அதன் பிறகும் கொஞ்ச நேரம்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஏறியவர்களைச் சரிபார்த்து, கணக்கு முடிந்ததும், ஜெட்டியின் ஏணியை எடுக்கச் சொல்ல வேண்டும். ஏணியை அங்கே எல்லோரும் இந்தியில் சீடி என்பார்கள். "சப் ஹோ கயா! சீடி உட்டாவ்!" எல்லாரும் ஏறியாயிற்று, ஏணியைத் தூக்குங்கள். அந்த இரைச்சலில் அது கப்பலின் மறுகோடியில் கயிறு இழுக்கும் துறைமுகத் தொழிலாளியான கலாசிக்கும் கேட்க வேண்டும். என் குரல் அப்படித்தான் உருவாயிற்று. கலாசிகளின் தலைவர் அப்பாராவ், ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர், குள்ளமான, கழுத்தே இல்லாத மனிதர். அவர் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்து ஏணியைத் தூக்கியதில்லை. குரலைக் கேட்டுத்தான் தூக்குவார்.

இதே குரல்தான் என்னைத் தமிழர் நாடகங்களில் அதிகாரியாக ஆக்கியது. எங்கள் நாடகக் குழுவில் பாத்திரங்களை ஒதுக்கும் முறை மிகவும் நேர்மையானது. திரைச்சீலைக்குப் பணம் கொடுத்த காண்ட்ராக்டர் கதாநாயகன். சிவப்பாக இருந்த போஸ்ட் ஆபீஸ்காரர் கதாநாயகி. சொந்தமாக முழுக்கால்சட்டை வைத்திருந்தவர்கள் அதிகாரிகள். ஒரு நாடகத்தில் நான் நீதிபதி. குற்றவாளிக் கூண்டில் நின்ற காண்ட்ராக்டர், உருக்கமாகப் பேச வேண்டிய இடத்தில் வசனம் முழுவதையும் மறந்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்வரிசையில் அவருடைய மாமனார் வீட்டார். நான் சுத்தியலைத் தட்டி, "கைதி இப்போது என்ன சொல்ல விரும்புகிறான் என்றால்" என்று தொடங்கி, அவர் பேச வேண்டியதையெல்லாம் நானே பேசி, அதை ஏற்று நானே அவரை விடுதலை செய்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊரில் அவர் நடிப்பை ஒரு வாரம் புகழ்ந்தார்கள். எதிரில் நிற்பவர் விழப் போகிறார் என்றால் முதலில் அவரைப் பிடியுங்கள். உங்கள் வசனம் காத்திருக்கும்.

இதைச் சொல்வது எளிது. பிடிக்கப் போனால் நம் கையில் இருப்பது கீழே விழும் என்று தெரிந்த பிறகும் பிடிப்பதுதான் கடினம்.

அறுபதுகளில் ஒரு டிசம்பரில் மதராஸில் இருந்து ஒரு படப்பிடிப்புக் குழு வந்து இறங்கியது. கப்பலில் மகனை அனுப்பிவிட்டுத் தவிக்கிற ஒரு தாயின் கதை. கப்பல் அதிகாரியாக நடிக்க வேண்டியவர் கடல் பயணத்தில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்து, தரையில் இறங்கிய பிறகும் தரை ஆடுகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டார். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். டைரக்டர் என்னை வரவழைத்து, நிற்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, பேசச் சொன்னார். பிறகு, "இது நல்லா வந்தா அடுத்த படத்துக்கு மதராஸுக்கே கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

நீங்கள் சிரிப்பீர்கள். அன்று இரவு நான் மரைன் ஹில் அறையில் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அங்கே எல்லோருக்கும் உண்டு. எனக்கு அதோடு திரையில் வர வேண்டும் என்ற ஏக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே பெட்டி போதுமானதாக இருந்தது.

தாயாக நடித்தவரைக் குழுவில் எல்லோரும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. முப்பதைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய கதாநாயகனுக்கு அவர் தாய். இது நம் தொழிலில் நடக்காத காரியமில்லை. காலையில் மேக்கப் போட்டு நரைமுடி வைத்துவிட்டால் மாலைவரை குனிந்தேதான் நடப்பார், காபி குடிக்கும்போதுகூட. நானும் முதல் நாள் "அம்மா" என்றேன்.

"நீங்களுமா சார்? இந்த முடியைக் கழட்டினா உங்களைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவ நான்."

"அக்கான்னு கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் கூப்பிட வேண்டாம். கூப்பிடாமலே பேசலாமே."

அப்படித்தான் பேசினோம். கடைசிவரை நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் அவர் வேஷமில்லாமல் என் அலுவலகத்துக்கு வந்தார். எனக்கு ஒரு கணம் யார் என்றே தெரியவில்லை.

"எனக்கு இந்தக் கப்பல்ல ஓர் இடம் வேணும் சார்."

"உங்க கம்பெனி எல்லாருக்கும் அடுத்த கப்பல்லதானே போட்டிருக்கு?"

"என் பார்ட் இதோட முடியுது. கப்பல் புறப்படற சீனை எடுத்துட்டா நான் அதே கப்பல்ல ஏறிடலாம். டைரக்டர் சரின்னுட்டாரு. இடம் இருந்தாப் போன்னுட்டாரு."

"இடமில்லை. காத்திருக்கிறவங்களே நிறையப் பேர். உடம்பு சரியில்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா அவசர ஒதுக்கீடு ஒண்ணு இருக்கு."

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. பையன் இருக்கான். அதை டாக்டர் எழுதிக் கொடுப்பாரா?"

"விதியில பையனுக்கு இடமில்லை."

"எங்கேயுமே இல்லை சார்" என்றார், சிரித்துக்கொண்டே.

பிறகு சொன்னார். கணவர் இறந்துவிட்டார். சினிமாவில் நடிக்கிறவள் வீட்டில் பிள்ளை வளரக் கூடாது என்று கணவரின் அண்ணன் பையனைத் திருச்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். வயது ஒன்பது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும்போது மட்டும் தாய் வந்து பார்க்கலாம். பள்ளி திறந்ததும் பையன் விடுதிக்குப் போய்விடுவான். அங்கே தாயை விட வேண்டாம் என்று பெரியப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கப்பலில் போனால் விடுமுறையின் கடைசி நாட்களுக்குப் போய்ச் சேரலாம். அடுத்த கப்பல் என்றால் அடுத்த வருஷம்.

"போன வருஷமும் ஷூட்டிங்ல மாட்டிக்கிட்டேன்" என்றார். "ரெண்டு வருஷம் பார்க்கலைன்னா அந்த வயசுல முகம் மறந்துரும் சார். எனக்கு இல்லை. அவனுக்கு."

விதிகளை முழுதாகத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. எங்கே கதவு இருக்கிறது என்று தெரியும். ஒரு பொறியாளர் குடும்பம் பயணத்தைத் தள்ளிப்போட்டது. அப்படிக் காலியாகும் இடம் வரிசையில் முதலாவது ஆளுக்குப் போக வேண்டும், அவர் அன்று மாலைக்குள் வந்து கையெழுத்திடாவிட்டால் அடுத்தவருக்கு. முதலாவது ஆள் லாங் ஐலண்டில் இருந்தார். அங்கிருந்து மாலைக்குள் வர படகே கிடையாது. அவர் எனக்குத் தெரிந்தவர், அவசரமில்லாதவர், வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு அடுத்த கப்பலே போதும் என்றார். அவருக்கு அடுத்த பெயராக இந்தத் தாயின் பெயரை நான் எழுதியிருந்தேன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முறைப்படி நடந்தது என்று இத்தனை முறை சொல்கிறேன் என்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கப்பல் நாள் வந்தது. நான் விடுப்பு எடுத்திருந்தேன். என் இடத்தில் கணக்குப் பார்க்க தாஸ்பாபு என்ற வங்காளி நண்பர். தாயாக நடித்தவரின் பெட்டி முன்கூட்டியே கப்பலில் ஏறிவிட்டது. காட்சி இவ்வளவுதான்: மகன் கப்பலில் இருக்கிறான். தாய் ஓடி வருகிறாள். "ஒரு தடவை பார்த்துட்டு இறங்கிடறேன் ஐயா" என்று கெஞ்சுகிறாள். அதிகாரி ஏணியை எடுக்க உத்தரவிட்டு, முதுகைக் காட்டி நடக்கிறான். அதை எடுத்து முடித்ததும் அவர் நரைமுடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே ஏணியில் ஏற வேண்டும். அப்புறம் தாஸ்பாபு உண்மையான உத்தரவைக் கொடுப்பார். நான் அப்பாராவிடமும் போய்ச் சொன்னேன்.

"இன்னிக்கு நான் நாடகம். தாஸ்பாபு சொன்னாத்தான் தூக்கணும்."

"டீக் ஹை பாபு" என்றார். "தும்ஹாரா டோப்பி அச்சா ஹை." என் தொப்பி நன்றாக இருக்கிறதாம்.

ஒத்திகை இரண்டு முறை நடந்தது. வசனத்தில் எழுதியிருந்தபடி, "நேரமாகிவிட்டது. ஏணியை எடுங்கள்" என்றேன். ஒரு கலாசியும் அசையவில்லை. அந்த ஜெட்டியில் யாரும் ஏணியைத் தமிழில் எடுத்ததே இல்லை. படக்காரர்கள் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். மழைக்கால மிச்சமாக மேகம் வந்து வந்து மூடியது. தாய் வேஷத்தில் அவர் கரையோரம் இருந்த இரும்புக் கட்டையில் உட்கார்ந்து கப்பலின் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை கறுத்துக்கொண்டே வந்தது. கப்பல் தயாராகிறது என்று அதற்கு அர்த்தம் என நான்தான் முதல் நாள் அவருக்குச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"விட்டுட்டுப் போயிராதே சார்?"

"ஏணி இருக்கிறவரைக்கும் போகாது."

வெயில் வந்தது. டைரக்டர் என்னிடம் ஓடி வந்தார். "யோவ், ஒத்திகையில செத்த பொணம் மாதிரி சொல்றே. நீ தினம் இந்த வேலையைத்தானே செய்யறே? அப்ப எப்படிச் சொல்வே? அப்படியே சொல்லு. சத்தமெல்லாம் மதராஸ்ல சேர்த்துக்கலாம், எனக்கு முகம் வேணும்."

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதை இல்லை. கேமரா ஓடியது. அவர் ஓடி வந்து கெஞ்சினார். நான் நெஞ்சை நிமிர்த்தி, அத்தனை கப்பல் நாட்களின் குரலில் சொன்னேன்: "சப் ஹோ கயா! சீடி உட்டாவ்!"

என் முதுகுக்குப் பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.

உங்களில் யாரும் அப்பாராவைக் குறை சொல்ல வேண்டாம். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணில் அந்த நேரம் தொப்பியும் படவில்லை, கேமராவும் படவில்லை. பழகிய குரல் பழகிய சொல்லைச் சொன்னது. கை தானாகவே வேலை செய்துவிட்டது. ஏணி மேலே போய்க்கொண்டிருந்தது. ஏணி போனதைக் கண்டு கப்பல்காரர்கள் முன்கயிற்றைத் தளர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். தாஸ்பாபு நிறுத்தச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார், கூட்டத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை.

தாயாக நின்றவர் தம் அடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. கப்பலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குனிந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. நரைமுடிக்குக் கீழே முப்பது வயதுப் பெண்ணின் முகம். அதில் கெஞ்சல் கிடையாது, கோபம்கூடக் கிடையாது. கணக்குப் போடுகிற முகம். அடுத்த வருஷம் பையனுக்கு எத்தனை வயதாகும் என்ற கணக்கு.

கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் ஆனந்தத்தில் குதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நடிப்பு கிடைத்துவிட்டது. திரும்பு, திரும்பி நட என்று எனக்குக் கையைச் சுழற்றிக் காட்டினார். முதுகைக் காட்டி நாலடி நடந்தால் காட்சி முடிந்தது. மதராஸ் என் கையில். ஆனால் ஏணிக்குப் பிறகு முன்கயிறு, அதன் பிறகு பின்கயிறு, பின்கயிறும் போய்விட்டால் துறைமுகத் தலைவரே சொன்னாலும் கப்பல் கரைக்குத் திரும்பாது. அந்த வரிசை எனக்குத் தெரிந்த அளவு அந்த ஜெட்டியில் வேறு யாருக்கும் தெரியாது. நாலடி நடக்கிற நேரம் என்னிடம் இல்லை.

நான் திரும்பினேன். நடக்கவில்லை. கப்பலைப் பார்த்துக் கத்தினேன். "ருக்கோ! சீடி நீச்சே கரோ! சவாரி பாக்கி ஹை!" நில்லுங்கள், ஏணியை இறக்குங்கள், ஆள் பாக்கி இருக்கிறது.

அப்பாராவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "க்யா பாபு, நீதானே உட்டாவ் சொன்னே?"

"சொன்னேன். இப்ப இறக்கு."

"ஒரு தடவை உட்டாயா தோ உட்டாயா. திரும்ப நீச்சே கர்னேக்கு படா சாப், பெரிய ஆபீசர், சொல்லணும். நியமம் ஹை. நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தே?"

"கணக்கு சரியாகாத வரைக்கும் ஏணி தூக்கினது செல்லாது. அதுவும் நியமம். ஓர் ஆள் குறையுது."

"அது எப்ப சொல்லிக் கொடுத்தே?"

"இப்ப."

அப்பாராவ் என்னைப் பார்த்தார். நரைமுடியோடு நின்ற அவரைப் பார்த்தார். "யே புட்டியாவா?" என்றார், இந்தக் கிழவியா என்று. பிறகு திரும்பித் தெலுங்கில் ஏதோ கத்தினார். ஏணி இறங்கியது.

அவர் ஓடினார். குனியாமல், சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏணியில் ஏறினார். ஜெட்டியில் நின்ற ஊரே கிழவியின் கால்களையே பார்த்தது. மேலே போய்ச் சேர்ந்ததும்தான் நினைவு வந்தது போல, நரைமுடியைக் கழற்றிக் கீழே மேக்கப்காரரை நோக்கி வீசினார். வாடகை முடி. மேக்கப்காரர் அதைத் தரையில் விழாமல் பிடித்தார். மேலே அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த தடவை பையனையும் கூட்டிட்டு வரேன் சார். இந்த ஏணியைக் காட்டணும் அவனுக்கு."

நான் தலையாட்டினேன். தாஸ்பாபு என்னைக் கேட்காமலே உண்மையான உத்தரவைக் கொடுத்தார். கப்பல் போனது. முனை திரும்பி மறையும்வரை நின்றேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம்.

டைரக்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மதராஸ் பேச்சு அத்தோடு முடிந்தது. மரைன் ஹில்லுக்குப் போய்ப் பெட்டியில் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

அடுத்த வருஷம் படம் அதே கப்பலில் வந்து சேர்ந்தது. கலாசிகள் எல்லோரும் திரையில் அப்பாராவின் முதுகைப் பார்க்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் என் காட்சி இருக்காது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருந்தது. டைரக்டர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது கேமராவை நிறுத்தச் சொல்ல மறந்திருக்கிறார். பிறகு மதராஸில் போட்டுப் பார்த்து, கதையையே மாற்றிவிட்டார்கள். அதிகாரி ஏணியைத் தூக்கச் சொல்கிறான். தாயின் முகத்தைப் பார்க்கிறான். மனம் மாறுகிறான். ஏணி இறங்குகிறது. கொட்டகையில் விசில் காதைப் பிளந்தது. ஒரே ஒரு குறை. குரல் என்னுடையதில்லை. யாரோ ஒருவர் மூக்கால் பேசியிருந்தார். கப்பலையே நிறுத்திய குரல் அதில் இல்லை. இதற்காக வருத்தப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருத்தப்பட்டேன்.

ஏணியில் ஏறிய தாய் அதற்குப் பிறகு படத்தில் வரவே இல்லை. என்ன ஆனாள் என்று கதாநாயகன் உட்பட யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து அப்பாராவ்தான் கேட்டார். "அந்த அம்மா சீடி ஏறி ஊபர் போச்சே பாபு. ஃபிர் எங்கே?" மேலே போனாளே, அப்புறம் எங்கே என்று.

"தெரியாது."

"நீதானே அனுப்பினே?"

அவர் கேட்டது சினிமாவைப் பற்றித்தான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அதன் பிறகும் சில வருஷம் நான் அந்த ஜெட்டியில் வேலை பார்த்தேன். கப்பல் வந்தால் இறங்குகிறவர்களில் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் தேடுவேன். ஒவ்வொரு வருஷமும் பையனை மனத்துக்குள் கொஞ்சம் உயரமாக்கிக்கொள்வேன். கப்பல் புறப்படும்போது கணக்கு சரியாக இருக்கும், எல்லோரும் ஏறியிருப்பார்கள். "சப் ஹோ கயா" என்று சொல்லிவிட்டு, "சீடி உட்டாவ்" என்பதற்கு முன்னால் ஊரிலிருந்து ஜெட்டிக்கு வரும் சாலையை ஒரு முறை பார்ப்பேன். அந்தச் சாலையில் இனி யார் வந்தாலும் அது இங்கிருந்து போகிறவர்தான், அங்கிருந்து வருகிறவர் இல்லை. அது எனக்கும் தெரியும். பார்ப்பேன். அந்த நேரத்தில் அப்பாராவ் சங்கிலியைப் பிடித்தபடி காத்திருப்பார். "யாருக்கு ரோக்கறீங்க பாபு?" என்று புதுக் கலாசிகள் கேலி செய்வார்கள், யாருக்காக நிறுத்திவைக்கிறேன் என்று. அப்பாராவ் அவர்களை அதட்டுவார். ஆள் பாக்கி இருந்தால் தூக்கக் கூடாது, அது நியமம் என்பார்.

பிறகு இன்னொரு டைரக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மனம் மாறுகிற அதிகாரி வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். நான் முறைப்படி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மதராஸ் போனேன். முதல் நாளே, "என்னய்யா, வசனத்துக்கு நடுவுல வாசலைப் பார்க்கறே?" என்றார். பிறகு எடுத்த ரஷ்ஷைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அதை விட்டுராதே" என்றார். நான் விடவில்லை. விட முடிந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

மதராஸ் வந்த சில நாளில், நரைமுடியைப் பிடித்த அந்த மேக்கப்காரரை ஒரு ஸ்டூடியோவில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். அந்த முறை அந்தத் தாய் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடுமுறையில் மிச்சமிருந்தது கொஞ்ச நேரம்தான். பையன் முதலில் கதவுக்குப் பின்னால் நின்றானாம். ஏணி கதையைச் சொன்னதும் வெளியே வந்தானாம். அந்த அதிகாரி எப்படிக் கத்தினார், எப்படிக் கத்தினார் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அவனே மாடிப்படியில் நின்று "சீடி உட்டாவ்" என்று கத்திக்கொண்டிருந்தானாம். அதைப் பார்த்துப் பெரியப்பாவே சிரித்துவிட்டாராம். சினிமாவை விட்டுவிட்டால் பிள்ளையோடு இருக்கலாம் என்றாராம். அன்றோடு அவர் சினிமாவை விட்டுவிட்டார்.

"அந்த அம்மா அப்புறம் மேக்கப்பே போடலை சார்" என்றார் மேக்கப்காரர். "கடைசியா நடிச்சது உங்ககூடத்தான்."

ஆகவே அவர் போர்ட் பிளேருக்கு வரப்போவதே இல்லை. முதல் வருஷத்திலிருந்தே இல்லை. திருச்சி தூரமில்லை. நான் போகவில்லை. எந்த முறையில் போய் நிற்பது, என்னவென்று கூப்பிடுவது?

ஆனால் தீவை விட்டுப் புறப்பட்ட அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. அன்று நான் பயணி. என் பெட்டியோடு மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஊரே நின்றது. என் இடத்துக்கு வந்திருந்த புதுக் குமாஸ்தா, மீசை சரியாக முளைக்காத பிள்ளை, கணக்கை முடித்து, கையை உயர்த்தி, "சப் ஹோ கயா! சீடி உட்டாவ்!" என்றான். குரல் உடைந்தது. அப்பாராவ் அசையவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்கு மேலே, என் முகத்தைப் பார்த்தார். ஏணியைத் தூக்க அவர் என் முகத்தைப் பார்த்தது அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை.

"பாபு" என்றார். "தேக் லியா?" பார்த்தாயிற்றா?

நான் சாலையைப் பார்த்தேன். வெயிலில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. வேறு யாருமில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். கப்பல் என் காலடியில் அதிர்ந்துகொண்டிருந்தது, எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"உட்டாவ்" என்றேன்.